ஓட்ட நேரம் குறையவில்லையா? அறிகுறி பார்த்து இலக்கைச் சரிசெய்யும் வழி

பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அரை மாரத்தானில் இரண்டு மணி நேரத்தை உடைக்க வேண்டும். ஓடத் தொடங்கிய பலரும் முதலில் எடுத்துக்கொள்ளும் இலக்குகள் இவை. முழு எண்ணாக இருக்கிறது என்பதைத் தவிர, அந்த எண்ணுக்கும் ஓடுபவரின் இன்றைய நிலைக்கும் தொடர்பு கிடையாது. இலக்கு கைக்கு வராதபோது பயிற்சியைக் கடுமையாக்குவார்கள். முழங்கால் வலியில் இரண்டு மாதம் போய்விடும். நேரம் குறையவில்லை என்றால் பார்க்க வேண்டிய வரிசை இதுதான்: முதலில் அளவு சரியா, அடுத்து இலக்கு சரியா, பிறகு வெயில், அதன் பிறகே பயிற்சி.

இங்கே சொல்வது வாரத்தில் 3 முதல் 5 நாள் ஓடுகிற, 5 கி.மீ.யை 25 முதல் 40 நிமிடத்துக்குள் முடிக்கிற அமெச்சூர் ஓட்டக்காரர்களுக்கு. கணக்குக்கெல்லாம் ஒரே ஆளை எடுத்துக்கொள்வோம்: 5 கி.மீ.யை 33:00 நிமிடத்தில், அதாவது கிலோமீட்டருக்கு 6:36 பேஸில் ஓடுபவர்.

எதையும் மாற்றும் முன்: இன்றைய நேரம் என்ன?

பழைய பந்தயத்தின் சான்றிதழில் இருக்கும் நேரம் இன்றைய நேரம் ஆகாது. கடைசி ஆறு வாரத்துக்குள் முழு மூச்சாக ஓடிய 5 கி.மீ. இல்லையென்றால் ஒரு சோதனை ஓட்டம் ஓடுங்கள்.

1. முந்தைய இரண்டு நாள் கடினமான ஓட்டம் வேண்டாம். ஒரு நாள் முழு ஓய்வு, மறுநாள் 20 நிமிடம் மெதுவாக ஓடினால் போதும்.
2. மேம்பாலமோ சிக்னலோ இல்லாத சமதளப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். 400 மீட்டர் டிராக் கிடைத்தால் உள்கோட்டில் பன்னிரண்டரைச் சுற்று. வெளிக்கோடுகளில் ஓடினால் ஒவ்வொரு சுற்றும் நீளும். எட்டாவது கோட்டில் ஒரு சுற்று சுமார் 453 மீட்டர்.
3. 2 கி.மீ. மெதுவான ஓட்டம், பிறகு 20 வினாடி வேக ஓட்டம் நான்கு முறை. இரண்டு நிமிடம் நடந்துவிட்டுத் தொடங்குங்கள்.
4. முதல் கிலோமீட்டரை 5 முதல் 10 வினாடி மெதுவாக ஓடி, பலத்தை மிச்சம் பிடியுங்கள். கடைசிக் கிலோமீட்டரில் கையில் இருப்பதையெல்லாம் செலவழியுங்கள்.
5. நேரத்தோடு, அன்றைய வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் குறித்து வையுங்கள். இது இல்லாமல் மே மாத எண்ணையும் ஜனவரி எண்ணையும் ஒப்பிட முடியாது.

அறிகுறி: வாட்ச் ஒன்று சொல்கிறது, பந்தய முடிவு வேறொன்று சொல்கிறது

பயிற்சியில் 6:30 வருகிறது, பந்தயத்தில் மட்டும் 7:00 ஆகிறது என்றால் முதலில் ஓட்டத்தைப் பதியும் செயலியான ஸ்ட்ராவாவில் எந்த நேரத்தைப் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். நகர்ந்த நேரத்தை மட்டும் வைத்துப் போட்ட பேஸில், சிக்னலில் நின்றதும் தண்ணீர் குடிக்க நின்றதும் கழிந்துவிடும். 8 கி.மீ.க்கு நகர்ந்த நேரம் 52 நிமிடம், மொத்த நேரம் 56 நிமிடம் என்றால் முதல் கணக்கில் பேஸ் 6:30, இரண்டாவது கணக்கில் 7:00. பந்தயக் கடிகாரம் நிற்காது. நான்கு முறை ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கி ஓடிய 6:30, தொடர்ந்து ஓடிய 6:30 அல்ல. நின்றதும் கடிகாரத்தைத் தானாக நிறுத்தும் ஆட்டோ பாஸ் வசதியை அணைத்துவிட்டு இரண்டு வாரம் ஓடிப் பாருங்கள். உண்மை எண் தெரிந்துவிடும்.

அடுத்தது ஜி.பி.எஸ். பந்தயப் பாதையை ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். நீங்கள் கூட்டத்தில் வளைந்து நெளிந்து, திருப்பங்களில் வெளிப்பக்கமாக ஓடுவீர்கள். அதோடு ஜி.பி.எஸ். பிழையும் சேர, 10 கி.மீ. பந்தயம் வாட்சில் 10.1 அல்லது 10.2 என்று முடிவது சாதாரணம். பாதை தவறாக அளக்கப்பட்டது என்று அமைப்பாளரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. 65:00 நிமிட இலக்குக்கு 6:30 பேஸ் என்று வாட்சைப் பார்த்தே ஓடினால், 10.15 கி.மீ. ஓட ஒரு நிமிடம் கூடுதலாக ஆகிவிடும். வாட்சில் 6:24 காட்டும்படி ஓடுங்கள். அதைவிட நல்லது, ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் லாப் பொத்தானைக் கையால் அழுத்துவது. அந்தந்த நொடி காட்டும் பேஸைப் பார்த்து ஓடாதீர்கள். உயரமான கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் இடையே அது தாவிக்கொண்டே இருக்கும். லாப் பேஸை, அதாவது கடைசியாகப் பொத்தானை அழுத்தியதிலிருந்து வரும் சராசரியை, மட்டும் திரையில் வையுங்கள்.

டிரெட்மில்லில் சோதிப்பவர்கள் பெல்ட்டையும் சோதிக்க வேண்டும். ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பெல்ட்டின் முழு நீளத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நீங்கள் ஓடும்போதே இன்னொருவர் 50 சுற்றுக்கு ஆகும் நேரத்தைப் பார்க்கட்டும். பெல்ட் 3 மீட்டர் என்றால் 54 வினாடி ஆக வேண்டும். 57 ஆனால், திரையில் 6:00 என்று காட்டுவது உண்மையில் 6:20.

மணிக்கட்டில் காட்டும் இதயத்துடிப்பும் ஏமாற்றலாம். மெதுவாக ஓடும்போதே 165–170 என்று அசையாமல் நின்றால், உங்கள் ஒரு நிமிடக் காலடி எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சென்சார் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணிக்கொண்டிருக்கிறது. வாரை மணிக்கட்டு எலும்புக்கு மேலே ஏற்றி இறுக்குங்கள், அல்லது மார்புப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: 5 கி.மீ. நன்றாக வருகிறது, நீண்ட தூர இலக்கு மட்டும் எட்டவே இல்லை

5 கி.மீ. பேஸை அப்படியே பத்துக்கும் இருபத்தொன்றுக்கும் நீட்டியிருப்பீர்கள். தூரம் இரட்டித்தால் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பெரும்பாலான கணிப்பான்களில் இருக்கிறது: தூரங்களின் விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்திப் பழைய நேரத்தோடு பெருக்க வேண்டும். அடுக்குக் கணக்குப் போட வேண்டாம். மூன்று பெருக்கெண் போதும்.

5-இலிருந்து 10 கி.மீ.: 2.085
5-இலிருந்து அரை மாரத்தான்: 4.6
10-இலிருந்து அரை மாரத்தான்: 2.206

33:00 ஓடுபவருக்கு 10 கி.மீ. 68:48, அரை மாரத்தான் சுமார் 2:31:50. அவரே 6:36 பேஸை 21.1 கி.மீ.க்கும் நீட்டினால் 2:19:15 வரும். இரண்டுக்கும் இடையில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல். பதினைந்தாவது கிலோமீட்டரில் நடக்கத் தொடங்குவதற்கு அந்த இடைவெளியே காரணம்.

இந்தக் கணிப்பு அந்தத் தூரத்துக்குத் தேவையான பயிற்சி செய்தவருக்கே பொருந்தும். வாரத்துக்கு 20 கி.மீ. மட்டும் ஓடி, நீளமான ஓட்டம் 10 கி.மீ.யைத் தாண்டாதவர் அரை மாரத்தான் கணிப்போடு 5 முதல் 10 நிமிடம் கூட்டிக்கொள்வது நல்லது. முழு மாரத்தானுக்கு இந்தச் சூத்திரம் அமெச்சூர்களிடம் எப்போதும் தாராளமாகவே நடந்துகொள்ளும்.

அறிகுறி: ஒவ்வொரு பந்தயத்திலும் இலக்குக்குப் பல நிமிடம் பின்னால்

இங்கே இலக்குதான் பிழை. அதே பெருக்கெண்களைத் திருப்பிப் போடுங்கள். 10 கி.மீ.யை 60 நிமிடத்துக்குள் முடிக்க 5 கி.மீ. 28:47-க்குள் வர வேண்டும். அரை மாரத்தானை 2 மணிக்குள் முடிக்க 5 கி.மீ. 26:05, 10 கி.மீ. 54:23. நம் 33:00 ஓட்டக்காரர் ஒரு மணி இலக்குக்கு 13 சதவீதம் முன்னேற வேண்டும். அது நிச்சயம் முடியக்கூடியது, ஆனால் ஒரு சீசனில் அல்ல.

எவ்வளவு காலத்தில் எவ்வளவு கேட்கலாம்? 12 வாரத் தொடர் பயிற்சிக்கு இந்த வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள்:

ஓடத் தொடங்கி ஒரு வருடத்துக்குள் இருப்பவர்: 5 சதவீதம் வரை
ஒன்று முதல் மூன்று வருடம்: 2 முதல் 3 சதவீதம்
அதற்கும் மேல்: 1 முதல் 2 சதவீதம்

போகப்போகக் குறைவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் வகுத்த, பந்தய நேரத்தை உடல்திறன் புள்ளியாக மாற்றும் வி-டாட் அட்டவணையில் 5 கி.மீ. 30:40 ஓடுபவருக்கு 30 புள்ளி, 27:00-க்கு 35, 24:08-க்கு 40. முதல் ஐந்து புள்ளியில் 3 நிமிடம் 40 வினாடி குறைகிறது. அடுத்த ஐந்தில் 2 நிமிடம் 52 வினாடிதான். உடல் அதே அளவு முன்னேறினாலும் கடிகாரத்தில் குறைவாகவே தெரியும். அந்த ஐந்து புள்ளியை ஈட்டவும் கூடுதல் காலமும் கூடுதல் கிலோமீட்டரும் தேவை. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு புள்ளிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் வருடத்தில் இருக்கும் நம் ஆள் 12 வாரத்துக்கு மூன்று படியாக இலக்கு எழுதலாம். எல்லாம் கூடிவந்தால் 31:20. சாதாரண நாளில் 32:00. நாள் கெட்டாலும் 33:00-க்குக் கீழே. ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஓடுபவர், மூன்றாவது கிலோமீட்டரில் அது நழுவுகிறது என்று தெரிந்ததும் மனம் விட்டுவிடுகிறார். அடுத்த படி இருந்தால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும்.

அறிகுறி: தினமும் வியர்க்க விறுவிறுக்க ஓடியும் மாதக்கணக்காக அதே நேரம்

அமெச்சூர்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். திருத்தக் கடினமானதும் இதுதான், ஏனென்றால் மருந்து மெதுவாக ஓடுவது. கடைசிப் பத்து ஓட்டங்களின் பேஸைப் பாருங்கள். எல்லாம் 6:50-க்கும் 7:15-க்கும் இடையில் இருந்தால், எல்லா நாளும் நடுத்தரக் கடினத்தில் ஓடுகிறீர்கள். களைப்பு சேரும் அளவுக்கு வேகம். உச்ச வேகத்தைத் தூண்டும் அளவுக்கு வேகமில்லை. மெதுவான ஓட்டத்தில்தான் தசைகளில் நுண்ணிய இரத்தக்குழாய்களும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகின்றன, தசைநாண்கள் பழகுகின்றன. களைப்பில்லாமல் கிலோமீட்டர் சேர்ப்பதற்கு வேறு வழியும் இல்லை.

நம் ஆளுக்கு ஈஸி பேஸ் 7:50 முதல் 8:40 வரை, அதாவது 5 கி.மீ. பேஸோடு 75 முதல் 120 வினாடி கூட்ட வேண்டும். அவ்வளவு மெதுவாகவா என்று தோன்றும். ஆமாம். பேசிப் பார்ப்பதே சரியான சோதனை: ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் சொல்ல முடிய வேண்டும். 220 கழித்தல் வயது என்ற கணக்கில் வரும் இதயத்துடிப்பு எல்லையை முழுதாக நம்ப வேண்டாம். ஒரே வயதுள்ள இருவருக்கு உச்சத் துடிப்பு 20 வரை வேறுபடலாம்.

வாரத்தில் நான்கு நாள் ஓடுபவருக்கு ஒரு வடிவம்:

செவ்வாய்: 6 கி.மீ. ஈஸி.
வியாழன் (டெம்போ, அதாவது சற்றுக் கடினமான சீரான ஓட்டம்): 2 கி.மீ. வார்ம்-அப்; 6:50–7:00 பேஸில் 7 நிமிடம் மூன்று முறை, இடையில் 90 வினாடி மெல்லோட்டம்; 1.5 கி.மீ. கூல்-டவுன்.
சனி: 5 கி.மீ. ஈஸி, முடிவில் 20 வினாடி வேக ஓட்டம் ஆறு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிட நடை.
ஞாயிறு: 11 கி.மீ. லாங் ரன், ஈஸி பேஸிலேயே.

மொத்தம் 30 கி.மீ. அளவில் வரும், கடினமாக ஓடுவது அதில் மூன்று, நான்கு கி.மீ.தான். முதல் நான்கு வாரம் இந்த வடிவத்தை மாற்றாதீர்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் டெம்போவுக்குப் பதில் இன்டர்வெல்: 400 மீட்டர் எட்டு முறை, ஒவ்வொன்றும் 2:32 முதல் 2:38 வரை, இடையில் 200 மீட்டர் மெல்லோட்டம். எட்டாவது சுற்றும் முதல் சுற்றின் நேரத்திலேயே வர வேண்டும். முதல் இரண்டு 2:20-இல் ஓடி, கடைசி இரண்டு 2:50 ஆனால் அந்தப் பயிற்சி வீண். அடுத்த முறை மெதுவாகத் தொடங்குங்கள். நான்காவது, எட்டாவது வாரங்களில் தூரத்தை நான்கில் ஒரு பங்கு குறைத்துவிட்டு ஓடுங்கள்.

பயிற்சியை இலக்குப் பேஸில் செய்வது பரவலான தவறு. 31:20 வேண்டும் என்பதால் டெம்போவை 31:20-க்கான கணக்கில் ஓடாதீர்கள். பேஸ்கள் எல்லாம் இன்றைய 33:00-இலிருந்தே வர வேண்டும். ஆறாவது வாரத்தில் மீண்டும் ஒரு 5 கி.மீ. சோதனை ஓடி, அதில் நேரம் குறைந்தால் அப்போது மாற்றலாம்.

அறிகுறி: பிப்ரவரி வரை நன்றாக இருந்தது, ஏப்ரலில் இருந்து மெதுவாகிவிட்டது

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சென்னையிலும் கடலோரம் முழுவதும் கோடையில் விடியற்காலையிலேயே 28 டிகிரியும் மிகுந்த ஈரப்பதமும் இருக்கும். வியர்வை வழியும், ஆனால் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. தோலுக்குப் போகும் இரத்தம் கூடுவதால் தசைக்குக் கிடைப்பது குறைகிறது, அதே பேஸுக்கு இதயம் வேகமாக அடிக்கிறது. 28 டிகிரியில், பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரியாக இருக்கும் காலையில் பேஸ் சுமார் 5 சதவீதம் குறையும் என்று எடுத்துக்கொள்ளலாம்: 6:30 ஓடுபவருக்கு அது 6:49. அதே ஆள் ஜனவரியின் 22 டிகிரியில் இழப்பது இதில் பாதி. நேரம் குறைக்கும் இலக்கை டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பந்தயங்களுக்கு வையுங்கள்; சென்னை மாரத்தான் ஜனவரியில் நடப்பது இதற்குத் தோதானது. கோடைக்கான இலக்கு நேரமாக இல்லாமல் வாரக் கிலோமீட்டராக இருக்கட்டும்.

வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை டெம்போவைக் குறைத்து, மூச்சை வைத்து ஓடுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அடுத்த முறை கூடுதலாகக் குடிக்க வேண்டும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். நீண்ட ஓட்டத்தில் அது இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும் ஆபத்து. தலைசுற்றல், குளிர் நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் அங்கேயே நில்லுங்கள். ஓடுபவர் குழம்பிப் பேசினால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள்.

மலையேறினாலும் இதே கதைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். குளிராக இருந்தாலும் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு. அங்கே வந்த நேரத்தை வைத்து இலக்கை மாற்றாதீர்கள்.

அறிகுறி: ஏழாவது கிலோமீட்டர் வரை சரி, பிறகு உடைந்துவிடுகிறது

கிலோமீட்டர் வாரியான நேரத்தை எடுத்துப் பாருங்கள். முதல் கிலோமீட்டர் சராசரியைவிட 15 வினாடிக்கு மேல் வேகமாக இருந்தால் காரணம் அதுவே. தொடக்கக் கூட்டத்தில் கால் தானாக ஓடும், மூச்சு வாங்குவது இரண்டு நிமிடம் கழித்துத்தான் தெரியும். 10 கி.மீ.யில் முதல் இரண்டு கிலோமீட்டரை இலக்குப் பேஸைவிட 8 முதல் 10 வினாடி மெதுவாக ஓடுங்கள். மூன்றிலிருந்து ஏழு வரை இலக்குப் பேஸ். மிச்சம் இருந்தால் கடைசி மூன்றில் செலவழிக்கலாம்.

முதல் கிலோமீட்டர் சரியாக இருந்தும் உடைகிறது என்றால் லாங் ரன் போதவில்லை. பயிற்சியில் பறந்து பந்தயத்தில் மட்டும் கால் கனத்தால், கடைசி வாரம் ஓய்வெடுக்கவில்லை: பத்து நாளுக்கு முன்பிருந்தே தூரத்தைப் பாதியாக்குங்கள், குறுகிய வேக ஓட்டங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: வேகத்தைக் கூட்டினால் வலி

முன்னங்கால் எலும்பின் உட்புறத்தில் பரவலான வலி என்றால் தூரமோ வேகமோ திடீரென்று ஏறியிருக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. ஒரே ஓட்டத்தின் தூரம், கடைசி 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி, நடக்கும்போதும் இரவிலும் வலி என்றால் எலும்பில் கீறலாக இருக்கலாம். ஓடுவதை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இதில் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பது தவறு.

நிமிடத்துக்கு 180 காலடி வைத்தால்தான் வேகம் வரும் என்று கேள்விப்பட்டு ஒரேயடியாக மாற்றியவர்களுக்குக் கெண்டைக்கால் பிடிக்கும். 158 இருந்தால் 5 சதவீதம் மட்டும் கூட்டி 166-க்குப் போங்கள், அதுவும் ஈஸி ஓட்டத்தில் ஐந்தைந்து நிமிடமாக. ஷூ 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும், எப்போது வாங்கினீர்கள் என்று ஸ்ட்ராவாவில் பதிந்து வையுங்கள்.

அறிகுறி: மெதுவாக ஓடினாலும் கனமாக இருக்கிறது

ஈஸி பேஸிலேயே மூச்சு வாங்குகிறது, காலைத் துடிப்பு வழக்கத்தைவிட 7, 8 கூடியிருக்கிறது, இரண்டு வாரமாக இப்படியே என்றால் பயிற்சித் திட்டத்தில் விடை தேடாதீர்கள். ஒரு வாரம் பாதித் தூரம் ஓடி, ஏழெட்டு மணி நேரம் தூங்குங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டுவது), தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் இரத்தசோகை. அந்த நிலையில் எந்த டெம்போவும் பேஸைத் தூக்காது. ஹீமோகுளோபின் சரியாக இருந்து ஃபெரிட்டின் மட்டும் குறைந்திருப்பதும் உண்டு, மாதவிடாய் அதிகமுள்ள பெண்களிடம் குறிப்பாக. இரும்புச்சத்து மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம். நெஞ்சு வலி, மயக்கம், சீரற்ற துடிப்பு இருந்தால் ஓடுவதை நிறுத்திவிட்டு முதலில் இதயப் பரிசோதனை.

அறிகுறி: காய்ச்சலோ வேலையோ குறுக்கிட்டு, இலக்கு அப்படியே நிற்கிறது

ஐந்து நாள் வரை விட்டுப்போனால் எதையும் மாற்ற வேண்டாம், விட்ட ஓட்டங்களை ஈடுசெய்யவும் வேண்டாம். இரண்டு வாரம் போயிருந்தால் ஒரு வாரம் ஈஸியாக மட்டும் ஓடிவிட்டு, மூன்று படிகளில் மேலே இருக்கும் இலக்கை நீக்கிவிடுங்கள். நடுப்படிதான் இப்போது இலக்கு. நான்கு வாரத்துக்கு மேல் என்றால் பழைய 33:00 காலாவதி. மூன்று வாரம் ஈஸி ஓட்டம், பிறகு புதிய 5 கி.மீ. சோதனை, அங்கிருந்து கணக்கு. டெங்கு, கோவிட் போன்ற காய்ச்சலுக்குப் பிறகு மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்துதான் அந்த மூன்று வாரம் தொடங்கும்.